பொலிமர் களி மணிப் பட்டறை: கைவேலைக்கு முழுப் புள்ளி, போறணைக்கு அரைப் புள்ளி

வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலுள்ள வீட்டின் அகன்ற விறாந்தையில் நடந்த பொலிமர் களி மணிப் பட்டறைக்கு என் பெறாமகளையும் அழைத்துக்கொண்டு போய் வந்தேன். காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும் என்று சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு 4,500 ரூபா கட்டணம். களி, கருவிகள், மணி கோப்பதற்குத் தங்கூசி, கொளுவி, இடையில் ஒரு தேநீரும் வடையும் எல்லாம் அதற்குள் அடக்கம். பதினான்கு பேர் வந்திருந்தோம். பெயர்ப்பலகை கூட மாட்டாத ஒரு வீட்டு முயற்சி என்பதாலும், நடத்துகின்ற பிள்ளை இந்த வேலையில் இன்னும் தன் இரண்டாவது ஆண்டிலேயே இருக்கிறார் என்பதாலும் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன். இப்படியான வகுப்புகள் இப்போது யாழ்ப்பாணத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியிருப்பதால், எந்த வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னும் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது உதவலாம்.

முப்பது ஆண்டுகள் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாவும் போறணையும் எனக்குப் புதியவையல்ல, மணிதான் புதிது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்ய வேண்டிய வேலையை இந்தப் பட்டறை கற்பித்த விதம் மிக நன்று. சூட்டால் நடக்க வேண்டிய வேலையை அது கடைசி முக்கால் மணி நேரத்துக்குள் திணித்துக் கெடுத்துவிட்டது. பொலிமர் களியில் மணியின் அழகு மேசையில் முடிவாகிறது என்றாலும் அதன் ஆயுள் போறணையில்தான் முடிவாகிறது என்பதால், இந்தக் குறையைச் சிறியது என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

களி என்ற சொல்லைக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் குயவரின் களிமண்ணையே மனதில் வைத்திருந்தார்கள் போலும். என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சேலைக்கு மேல் பழைய துவாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கை நனைக்க வாளித் தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினார். உண்மையில் இதில் மண் துளியும் கிடையாது. கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகின்ற குழாய் எந்தப் பொருளோ, அதே பி.வி.சி.யின் நுண்ணிய தூளை, அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்துடனும் நிறத்துடனும் குழைத்ததுதான் இந்தக் களி. தண்ணீர் சேர்த்துக் குழைக்காத பண்டம் என்பதால் காற்றில் வைத்தால் காய்ந்து இறுகாது. ஏறக்குறைய 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் வைத்தால்தான் அந்தத் தூள் இளக்கியை உள்வாங்கி, ஒன்றோடொன்று இணைந்து, உறுதியான பிளாஸ்டிக்காக மாறும். சோளமாவையும் வெள்ளைப் பசையையும் அடுப்பில் கிண்டிப் பூச்செய்யப் பழகிய பெண்கள் இருவர் எங்களுடன் இருந்தார்கள். யன்னலோரம் இரண்டு நாள் வைத்தால் போதாதா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. பயிற்றுநர் சிரிக்காமல், வைத்துப் பார்த்தால் இரண்டு மாதமானாலும் நகம் பதியும் என்று விளக்கினார். அவர் மீது எனக்கு மதிப்பு வந்த முதல் இடம் அது.

மேசையில் இருந்தவை பெரும்பாலும் 57 கிராம் கட்டிகள். சிலவற்றில் ஃபிமோ என்றும் சிலவற்றில் ஸ்கல்பி என்றும் அச்சிட்டிருந்தது. பெயரே இல்லாத மலிவான கட்டிகளும் ஒரு தட்டில் கிடந்தன. ஃபிமோவின் கதையை அந்தப் பிள்ளை இரண்டு வரியில் சொன்னார். ஜேர்மனியில் பொம்மை செய்யும் குடும்பம் ஒன்றின் மகள் வீட்டளவில் பயன்படுத்தி வந்த களி, 1964 இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனத்தின் கைக்குப் போய் இந்தப் பெயரைப் பெற்றதாம். கதை நன்றாக இருந்தது. ஆனால் மூன்று விதமான களிகளை ஒரே மேசையில் கலந்து வைத்தபோது, ஒவ்வொன்றின் உறையிலும் வெவ்வேறு வெப்பநிலை அச்சிடப்பட்டிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. ஃபிமோ உறையில் 110 பாகையில் 30 நிமிடம் என்றும், ஸ்கல்பி உறையில் 130 பாகை என்றும் இருந்ததை நானாகத்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். அந்தக் குறிப்பு எனக்குப் பின்னால் தேவைப்பட்டது.

முதல் அரை மணி நேரம் குழைப்பதிலேயே போனது. உறையிலிருந்து எடுத்த களி விளிம்பில் வெடித்து உதிரும். அதை உள்ளங்கைச் சூட்டில் உருட்டி, மடித்து, மறுபடி உருட்டி, மடிக்கும்போது வெடிப்பு வராத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரொட்டிக்கு மாக் குழைத்த கைக்கு இது கடினமில்லை என்று நினைத்துத் தொடங்கிய எனக்குப் பத்து நிமிடத்தில் பெருவிரல் நொந்தது. எங்களூர் வைகாசி வெயிலைப் பற்றிப் பயிற்றுநர் யோசித்து வைத்திருந்தார் என்பது இந்தக் கட்டத்தில் தெரிந்தது. காற்றாடி முழு வேகத்தில் சுழன்றும் விறாந்தையில் வெக்கை நின்றபடியால், குழைத்து முடித்த களி சில கைகளில் வெண்ணெய் போல ஒட்டத் தொடங்கியது. அப்படி இளகிய களியை அவர் தட்டையாக்கி, இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு தடித்த புத்தகத்தை ஏற்றிவிட்டார். கால் மணி நேரத்தில் கடதாசியில் பலகாரம் சுற்றிய தாளைப் போல எண்ணெய்க்கறை படர்ந்திருந்தது. மிகையான இளக்கியைக் கடதாசி உறிஞ்சிவிட்டதால் களி மறுபடி கைக்கு அடங்கியது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் களியை எப்படிச் சூடாக்கி இளக்குவது என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே தேவைப்படுவது அதற்கு நேர்மாறான பாடம். அதை இவர் தன் அனுபவத்திலிருந்து கற்றிருக்கிறார்.

வெள்ளை நிறத்தை எல்லோரும் கடைசியில் தொடவேண்டும் என்பதும், ஒவ்வொரு நிறத்துக்கு நடுவிலும் ஈரத்துடைப்பால் விரல்களைத் துடைக்கவேண்டும் என்பதும் அவர் வகுத்த ஒழுங்கு. சிவப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்ட ஒரு சிறுமியின் களி நொடியில் இளஞ்சிவப்பாகியதைப் பார்த்த பிறகு அந்த ஒழுங்கை யாரும் மீறவில்லை.

பட்டறையின் உயிர் அதற்குப் பிந்திய ஒன்றரை மணி நேரத்தில் இருந்தது. பல நிறத் திரிகளையும் தகடுகளையும் அடுக்கி, குறுக்கே வெட்டினால் எந்த இடத்திலும் ஒரே உருவம் தெரியும்படி ஒரு நீளுருளையைச் செய்வதுதான் அந்தப் பாடம். கேன் என்று இதைச் சொல்கிறார்கள். வெனிஸ் பக்கத்து முரானோக் கண்ணாடிக்காரர் செய்த மில்லெஃபியோரி வேலையின் வழியில் வந்தது. அந்த இத்தாலியச் சொல்லுக்கு ஆயிரம் பூ என்று பொருள். எனக்கு அது வெண்டிக்காய் வெட்டுவது போலத்தான் பட்டது. காம்பிலிருந்து நுனிவரை எங்கே வெட்டினாலும் அதே ஐந்து மூலை நட்சத்திரம் வருகிறதல்லவா, அதைப் போல. இதைச் சொன்னதும் என் எதிரே இருந்த மூவருக்கு அதுவரை விளங்காதிருந்த பாடம் விளங்கிவிட்டது என்பதில் ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு உள்ளூர ஒரு பெருமை.

நான் செவ்வரத்தம்பூவை எடுத்துக்கொண்டேன். இதழின் அடியில் கடுஞ்சிவப்பும் விளிம்பில் வெளிர்சிவப்பும் வரவேண்டும். நடுவில் கோடு தெரியக்கூடாது. இந்த நிறமாற்றத்துக்கு ஜூடித் ஸ்கின்னர் என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயரால் வழங்கும் ஓர் எளிய உபாயம் இருக்கிறது. சிவப்பில் ஒரு முக்கோணத் தகடும் வெள்ளையில் ஒரு முக்கோணத் தகடும் வெட்டி, இரண்டையும் சாய்ந்த பக்கங்கள் முட்டும்படி சேர்த்து ஒரு நீள்சதுரமாக்கி, பாஸ்தா தட்டுகின்ற கைச்சுழல் இயந்திரத்தினூடாக விடவேண்டும். வெளிவந்ததை அடிவிளிம்பும் மேல்விளிம்பும் ஒன்றாகும்படி மடித்து மறுபடி விடவேண்டும். எப்போதும் ஒரே திசையில்தான் மடிக்கவேண்டும். ஒரு தரம் திசை மாறினாலும் இரண்டு நிறமும் கலந்து ஒரே இளஞ்சிவப்பாகிவிடும். நான் எண்ணிக்கொண்டே சுழற்றினேன். எட்டாவது தரத்தில் கோடுகோடாக இருந்தது. பதினைந்தில் கோடுகள் மங்கின. இருபத்துமூன்றாவது தரம் உருளைகளுக்கு நடுவிலிருந்து தகடு இறங்கியபோது, ஒரு பக்கத்தில் கடுஞ்சிவப்பாகத் தொடங்கி மறுபக்கத்தில் பால்நிறமாக முடியும் வரை எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இத்தனை ஆண்டு கேக்குக்கு ஐசிங் போட்டும் நான் பெறாத ஒரு மகிழ்ச்சி அது.

என் பெறாமகள் அதைவிடச் சுருக்கமான வழியைத் தெரிந்துகொண்டாள். காவியும் வெள்ளையுமாகத் தகடுகளை மாறிமாறி அடுக்கி, நெடுக்காக வெட்டி, கோவில் மதிற்சுவரின் பட்டையை அப்படியே மணிக்குக் கொண்டுவந்தாள். பயிற்றுநர் அதைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டி, இதைத்தான் நான் போன தடவை யாராவது செய்யமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னார்.

கேனை மெலிதாக்குவதுதான் இதில் பொறுமை கேட்கும் வேலை. நான்கு விரல் தடிப்பில் செய்த உருளையை ஒரு விரல் தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். மேசையில் வைத்து உருட்டினால் வெளிப்புறம் மட்டும் ஓடி உள்ளே இருக்கும் பூ பின்தங்கிவிடும்; இரண்டு நுனியும் குழிந்து, உருவம் நசுங்கிப்போகும். அதனால் முதலில் நடுவில் பிடித்து, இடுப்பு வைப்பது போலச் சுற்றிச்சுற்றி நெரித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் மெதுவாக நகர்த்தவேண்டும் என்று அவர் ஒவ்வொருவரின் கையையும் தன் கையால் பிடித்துக் காட்டினார். பதினான்கு பேரிடமும் போனார், யாரையும் விடவில்லை. "அவசரப்படாதேங்கோ அம்மா, அது தானாக வரும்" என்று அந்தத் துவாய் கட்டிய அம்மாவின் பக்கத்தில் அவர் ஐந்து நிமிடம் நின்றதை நான் பார்த்தேன். மெலிந்த கேன்களைக் குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து எடுத்த பிறகு, நீளமான மெல்லிய பிளேட்டால், ஒவ்வொரு வெட்டுக்கும் கேனைக் கால்சுற்றுத் திருப்பி வெட்டும்படி சொன்னார். அப்படித் திருப்பினால் அடிப்பக்கம் தட்டையாகாது. இந்த நுணுக்கங்களுக்கு மட்டுமே 4,500 ரூபாவும் தகும் என்பது என் மதிப்பீடு.

ஒரு குறை இந்தக் கட்டத்திலும் உண்டு. பதினான்கு பேருக்கு ஒரே ஒரு பாஸ்தா இயந்திரம். நான் இருபத்துமூன்று தரம் சுழற்றியபோது எனக்குப் பின்னால் நின்றவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. சிலர் வரிசையில் நிற்க மனமின்றி வெறும் போத்தலால் தட்டினார்கள். மரக்கட்டையைவிடப் போத்தல் நல்லதுதான், மரத்தின் வரி களியில் பதியாது. ஆனாலும் சீரான தடிப்பு வரவில்லை.

அடிமணியை உருட்டி, வெட்டிய பூத்துண்டுகளை அதன் மேல் ஒட்டி, பொருத்துகள் மறையும் வரை உள்ளங்கையில் மறுபடி உருட்டினோம். துளையிடுவதற்கு முன் மணிகளைச் சற்று ஆறவைத்து, ஊசியைக் குத்தாமல் திருகித்திருகி இறக்கச் சொன்னார். நுனி மறுபக்கத்தில் மெல்ல முட்டுவது தெரிந்தவுடன் ஊசியை வெளியே எடுத்து, அந்த முட்டிய இடத்திலிருந்து எதிராகத் துளைக்கவேண்டும். ஒரே பக்கமாக இறக்கினால் மறுவாயில் களி பிதுங்கிச் சிறு எரிமலை போல நிற்கும். இதைக் கேட்டபோது நாவலர் வீதித் தொல்பொருட் காட்சியகம் எனக்கு நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தின் பழைய குடியிருப்பான கந்தரோடையில் 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் அகழ்ந்த காலத்திலிருந்தே அந்த மண்ணில் உரோம நாணயங்களோடு மணிகளும் கிடைத்து வந்திருக்கின்றன. சூதுபவளம் போன்ற கடுங்கல் மணிகளைப் பழங்காலத்தார் துளைத்ததும் இரண்டு பக்கமிருந்தும்தான். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும். கல்லில் அவர்கள் நாட்கணக்கில் செய்ததைக் களியில் நாங்கள் அரை நிமிடத்தில் செய்துவிட்டு, விரல் நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

துளையிட்டு முடிந்தபோது நேரம் பன்னிரண்டே முக்கால். போறணை அப்போதுதான் மூட்டப்பட்டது.

மேசைமேல் வைக்கின்ற சின்ன மின்போறணை அது. களிக்கென்றே தனியாக வைத்திருக்கிறார், அதில் உணவு சமைப்பதில்லை என்று சொன்னார். அது சரியான நடைமுறை, பாராட்டுகிறேன். ஆனால் ஒரே தட்டில் பதினான்கு பேரின் மணிகளும் கொள்ளாததால் மூன்று தவணையாகச் சுடவேண்டி வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் 30 நிமிடம் வேண்டும் என்று அவரே காலையில் சொல்லியிருந்தார். பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் மூன்று முப்பது நிமிடம் எப்படி அடங்கும் என்ற கணக்கை அவர் போட்டிருக்கவில்லை. முதல் தவணை உச்சியிலுள்ள சூட்டுக்கம்பிக்கு மிக அருகில் வைக்கப்பட்டதால், வெள்ளை மணிகள் எல்லாம் தேநீர் நிறத்தில் வெளியே வந்தன. அதைக் கண்டு பயந்து, நாங்கள் இருந்த இரண்டாவது தவணையைப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். இடையில் இருவர் தங்கள் மணி எப்படி இருக்கிறது என்று கதவைத் திறந்து பார்த்தார்கள். சின்னப் போறணையில் ஒரு தரம் கதவு திறந்தால் சூடு எவ்வளவு விழும் என்பது கேக் போட்ட எவருக்கும் தெரியும். உள்ளே வெப்பமானி இருக்கவில்லை. திருகியில் 130 என்ற கோட்டில் முள் நின்றது, அவ்வளவுதான்.

"தங்கச்சி, உள்ளே உண்மையாக எத்தனை பாகை நிற்குதென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ரீச்சர், இவ்வளவு நாளும் இதில்தான் சுடுறன், ஒன்றும் பழுதாகேல்லை. இதுக்கு மேலே கூட்டினால் கருகிப்போடும்" என்றார். கருகக்கூடாது என்ற அவரது அச்சத்தில் பிழையில்லை. பி.வி.சி. அளவுக்கு மீறிச் சூடேறினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கின்ற ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். யன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போகவேண்டிய விடயம் அது. ஆனால் கருகாமல் காப்பதற்கு வழி, தட்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி மணிகளுக்கு மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் போல மூடுவது. நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் கருகாதுதான், வேகவும் வேகாது.

மூன்றாவது தவணைக்காரர்கள் தங்கள் மணிகளைச் சூட்டோடு கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து, மணிகள் முழுதாக ஆறியபின் பார்த்தேன். சூடாக இருக்கும்போது நன்றாகச் சுட்ட மணியும் சற்று வளைந்துகொடுக்கும் என்பதால் ஆறுமுன் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஆறிய மணியில் பெருவிரல் நகத்தை அழுத்தினேன். பிறை போல ஒரு வடு விழுந்தது. பெறாமகளின் மதிற்சுவர் மணி ஒன்று மேசையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகம் காய்ந்த பேரீச்சம்பழக் கேக்கைப் போலப் பொருபொருவென்று இருந்தது. விரலால் தேய்க்கத் தூள் உதிர்ந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதை இன்னொருக்காச் சுடலாமோ?" என்று கேட்டாள்.

சுடலாம். பொலிமர் களியின் பெருந்தன்மை அது. அரைகுறையாக வெந்ததை எத்தனை நாள் கழித்தும் மறுபடி சுட்டு முழுமையாக்கலாம். என்னைப் போலவே ஓய்வு பெற்ற பழைய சின்னப் போறணை ஒன்று வீட்டில் இருக்கிறது. கேக்குக்கு இனி அதைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்து, அடித்தட்டில் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய பீங்கான் ஓடு ஒன்றை வைத்து, விசிறி போல மடித்த கடதாசியின் பள்ளங்களில் மணிகளை அடுக்கி, மேலே அலுமினியத் தாளால் மூடினேன். பக்கத்தில் போறணை வெப்பமானியை நிறுத்தினேன். திருகியை 130 இல் வைத்தபோது வெப்பமானி 145 வரை ஏறியது. பின்பு 115 க்கு இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தும் ஏறியும் நின்றது. திருகியைச் சற்றுப் பின்னால் திருப்பி, 125 ஐச் சுற்றி முள் அடங்கும் வரை காத்திருந்த பிறகுதான் மணிகளை உள்ளே வைத்தேன். என் மணிகளின் நடு 14 மில்லிமீற்றர் தடிப்பு. ஸ்கல்பி உறையில் 6 மில்லிமீற்றருக்கு 15 நிமிடம் என்று இருந்ததால், 40 நிமிடம் கொடுத்தேன். மூடியைத் திறக்காமல் போறணையை நிறுத்தி, அதிலேயே ஆறவிட்டேன். களி தடித்தால் நேரத்தைக் கூட்டலாம், சூட்டைக் கூட்டக்கூடாது. பட்டறையில் ஒருவர் மைக்ரோவேவில் வைக்கலாமா என்று கேட்டதற்கு முடியாது என்று பயிற்றுநர் சொன்னது சரியே.

மறுநாட் காலையில் நகம் பதியவில்லை. கூடவே சுட்ட மெல்லிய கேன் துண்டு ஒன்றை வளைத்தேன். ஒடியாமல் வளைந்து திரும்பியது. ஒரு மணியை வேண்டுமென்றே தரையில் போட்டுப் பார்த்தாள் அவள். அது துள்ளிக் கட்டிலுக்குக் கீழே ஓடியது.

மெருகூட்டும் பகுதியைப் பட்டறை மிக மேலோட்டமாகத் தொட்டது. 400 ஆம் இலக்கத்தில் தொடங்கி 600, 800, 1,000 என்று ஏறும் நீர் அரத்தாள்களால் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே தேய்த்தால் தூசு மூக்குக்கு ஏறாது. பிறகு பழைய டெனிம் துணியால் தேய்த்தாலே மினுக்கம் வந்துவிடும். இதற்கு நேரம் இல்லாததால் எல்லோருக்கும் நிறமில்லாக் கியூட்டெக்ஸ் கொடுத்துப் பூசச் சொன்னார்கள். அன்று நன்றாகத்தான் மின்னியது. கியூட்டெக்ஸின் கரைப்பான் களியிலுள்ள இளக்கியோடு சேர்ந்து காலப்போக்கில் பிசுபிசுக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. பூசிய நான்கு மணிகளும் இப்போது தொட்டால் விரலை விட மறுக்கின்றன. தூசியும் ஒட்டிக் கறுத்துவிட்டன. நீரில் கரையும் வார்னிஷ் தேவை, இல்லாவிட்டால் ஒன்றும் பூசாமலே விடலாம். மிஞ்சிய களியை எதில் வைப்பது என்றும் யாரும் சொல்லவில்லை. கண்ணாடி போலத் தெளிவான கடினப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்த என் சிவப்புக் களி, பெட்டியின் அடியைத் தின்று அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சாதாரண பொலித்தீன் பையில் சுற்றியது பழுதில்லாமல் இருக்கிறது.

இருக்கைகள் தாராளம். தேநீர் நன்று, வடை ஆறியிருந்தது. கழிவறை சுத்தம். ஒழுங்கை ஒடுக்கம் என்பதால் வாகனத்தைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடக்கவேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த நீள பிளேட் ஆபத்து. இரண்டு சிறுவர் வந்திருந்தும் அவர்களுக்கென்று வேறு கருவி வைத்திருக்கவில்லை. கட்டணத்தைப் பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டியளவு களியும், நான்கு மணி நேரமும், பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்டும் ஆளும் கிடைக்கும்போது அது மிகையென்று நான் எண்ணவில்லை. பெயரில்லாக் கட்டிகளை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிடலாம். அவற்றில் செய்தவை இரண்டாம் சூட்டுக்குப் பிறகும் என் வீட்டில் ஒடிந்தன.

ஒரு கிழமை கழித்துப் பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, வேறு இருவரும் மணி உடைந்ததாகச் சொன்னார்கள், கையின் பிழை என்றுதான் நினைத்தேன் என்றார். வெப்பமானி எங்கே வாங்கலாம் என்று கேட்டார். கேக் சாமான் விற்கும் கடையைச் சொன்னேன். அடுத்த வகுப்பை எட்டுப் பேரோடு நிறுத்தி, மணிகளைத் தானே ஆறுதலாகச் சுட்டு மறுநாள் கையில் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும், உடைந்தவர்களின் மணிகளை வாங்கி மறுபடி சுட்டுத் தருவதாகவும் சொன்னார். நல்லூர்த் திருவிழா முடிந்த பின் நடக்கும் அந்த வகுப்புக்கு என் பெறாமகள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் கொடுக்கவில்லை. இயந்திரம் இரண்டாகுமா என்று கேட்டிருக்கிறேன்.